காசு வாங்காத கை

'சார்பட்டா பரம்பரை' வந்ததிலிருந்து மெட்ராஸ் பாக்ஸிங் என்றால் எல்லோருக்கும் ஒரே சித்திரம்தான். வடசென்னை, பரம்பரைகள், கூட்டம், சத்தம், ரோஷம். 2021-ல் அந்தப் படம் வந்த பிறகு சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரைப் பெயர்களை ஒப்பிக்கிற பிள்ளைகளை அம்பத்தூரிலும் பார்க்கலாம். கித்தேரி முத்துவின் பெயரும், அவருக்குக் கிடைத்த 'திராவிட வீரன்' பட்டமும் புது வாசகர்களிடம் வந்து சேர்ந்தன. நல்ல விஷயம்தான். ஒரு நகரம் தன் உழைப்பாளிகளின் விளையாட்டை ஞாபகப்படுத்திக்கொள்வது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

ஆனா இதே நாட்டில் இன்னொரு குத்துச்சண்டையும் நடந்துகொண்டிருந்தது. அதில் டிக்கெட் வசூல் இல்லை, பந்தயப் பணம் இல்லை. பனியன் போட்டுக்கொண்டு, மூணு ரவுண்டு ஆடி, பாயிண்ட் கணக்கில் ஜெயிக்கிற ஆட்டம். அமெச்சூர் பாக்ஸிங்.

1961-ல் தொடங்கிய அர்ஜுனா விருதின் குத்துச்சண்டைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 1968-ல் டென்னிஸ் சுவாமி. 1971-ல் முனுசாமி வேணு. அடுத்த வருஷம் சந்திரநாராயணன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஐசக் அமல்தாஸ், ஜி. மனோகரன். 1995-ல் வி. தேவராஜன். நம் காதுக்குப் பழகிய பெயர்கள். வேணுவும் நாராயணனும் 1972-ல் மியூனிக் ஒலிம்பிக் ரிங்கில் ஏறியவர்கள். அமல்தாஸும் மனோகரனும் 1980-ல் மாஸ்கோ போனவர்கள். சென்னைக்காரரான தேவராஜன் 1992-ல் பார்சிலோனாவில் ஆடி, 1994-ல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கியவர்.

இவர்களில் எத்தனை பேரைத் தெரியும்? பரம்பரை வாத்தியார்களின் பெயரைச் சொல்கிற நண்பர்களிடம் இந்த ஆறு பெயர்களைச் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. பதக்கம் வாங்கியவர்களை மறந்துவிட்டு, பதக்கமே இல்லாத ஆட்டத்தை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறோம்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் சென்னையிலிருந்து ரொம்ப தூரம், ஸ்காட்லாந்தின் சணல் நகரம் ஒன்று வரை போகவேண்டியிருக்கிறது.

*

முதலில் அந்தச் சொல். 'அமெச்சூர்' என்றால் நம்மிடம் கத்துக்குட்டி என்று அர்த்தமாகிவிட்டது. 'அமெச்சூர்தனமா இருக்கு' என்று ஒரு குறும்படத்தைத் திட்டுகிறோம். பிரெஞ்சு வழியாக வந்த அந்தச் சொல்லின் வேர் 'நேசிப்பவர்' என்பது. காசுக்காக இல்லாமல் ஆசைக்காக ஆடுகிறவர்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆசைக்காக மட்டும் ஆட யாரால் முடியும்? வீட்டில் சோறு இருக்கிறவனால் முடியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்தச் சொல்லுக்குள் ஒரு வேலி இருந்தது. நவீன குத்துச்சண்டையின் குவீன்ஸ்பெர்ரி விதிகள் 1867-ல் அச்சாயின. கையுறை கட்டாயம், ரவுண்டுக்கு மூன்று நிமிடம், விழுந்தவன் எழப் பத்து எண்ணிக்கை. பெயர் குவீன்ஸ்பெர்ரி என்கிற ஸ்காட்லாந்துப் பிரபுவுடையது. எழுதியவர் ஜான் கிரகாம் சேம்பர்ஸ். இதே சேம்பர்ஸ் முன்நின்று நடத்திய அமெச்சூர் தடகள சங்கம், 1860-களில் யார் அமெச்சூர் என்று வரையறுத்தபோது மெக்கானிக்குகள், கைவினைஞர்கள், கூலிக்காரர்களை வெளியே நிறுத்தியது. கையால் உழைத்துப் பிழைக்கிறவனுக்கு உடம்பில் கூடுதல் பலம் இருக்கும், அது கனவான்களுக்கு அநியாயம் என்பது நியாயமாம்! பிற்பாடு அந்த வரி நீங்கியது. 1880-ல் லண்டனில் அமெச்சூர் குத்துச்சண்டை சங்கம் தொடங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. யாரை வெளியே நிறுத்த அந்த வார்த்தை பயன்பட்டதோ அவர்களே அந்த விளையாட்டை எடுத்துக்கொண்டார்கள். சுரங்கத் தொழிலாளி, மில் தொழிலாளி, துறைமுகக் கூலி, சிப்பாய். கனவான்கள் ரிங்கைச் சுற்றியிருந்த நாற்காலிக்குப் போய்விட்டார்கள். காசு வாங்கக்கூடாது என்கிற விதி மட்டும் அப்படியே நின்றது. இல்லாதவன் ஆடுகிற ஆட்டத்துக்கு இருக்கிறவன் எழுதிய விதி.

அப்படியென்றால் இல்லாதவன் எப்படி ஆடினான்?

*

டண்டீ, ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரை நகரம். வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த சணலை நூற்று, சாக்கும் கித்தானும் நெய்து பெரிதான ஊர். கல்கத்தாவில் ஹூக்ளிக்கரை சணல் மில்கள் பெருகப் பெருக டண்டீயின் மில்கள் நசிந்தன. அந்தச் சரிவின் நடுவில், 1935 அக்டோபர் 15-ல் பிறந்தவர் டிக் மெக்டாகர்ட்.

இடதுகை ஆட்டக்காரர். ஓங்கி அடித்துச் சாய்க்கிற ரகம் கிடையாது. கால் வேலை, தூரக் கணக்கு. எதிராளி அடி வீசிவிட்டு நிலை தவறுகிற அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்து திருப்பிக் கொடுக்கிற ஆட்டம். வயதுக்கு வந்ததும் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார். படையில் அவருக்குச் சமையல் வேலை.

1956, மெல்பர்ன் ஒலிம்பிக். லைட்வெயிட் இறுதிப் போட்டியில் ஜெர்மனியின் ஹாரி குர்ஷாட்டை பாயிண்டில் ஜெயித்து மெக்டாகர்ட் தங்கம் வாங்கினார். அதைவிட முக்கியமான ஒன்று அதே வாரம் நடந்தது. ஒலிம்பிக்கின் மிக நேர்த்தியான குத்துச்சண்டை வீரருக்கு வால் பார்க்கர் கோப்பை என்று ஒன்று தருவார்கள். அந்த முறை போட்டியில் ஹங்கேரியின் லாஸ்லோ பாப் இருந்தார். இறுதியில் ஹோசே டோரஸை வென்று தொடர்ந்து மூன்றாவது ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். அதற்கு முன் யாரும் செய்யாத சாதனை அது. கோப்பை பாப்புக்குப் போகவில்லை. விமானப்படைச் சமையல்காரருக்குப் போனது.

அதே மெல்பர்னில் ஃப்ளைவெயிட் தங்கம் வாங்கிய இன்னொரு பிரிட்டிஷ்காரர் டெர்ரி ஸ்பிங்க்ஸ். அவர் சீக்கிரமே தொழில்முறை ஆட்டத்துக்குப் போய் 1960-ல் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். பாப்பும் தொழில்முறைக்குப் போனார். மெக்டாகர்ட் கடைசி வரை போகவே இல்லை.

1958-ல் கார்டிஃப் நகரில் காமன்வெல்த் தங்கம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெண்கலம். 1961-ல் பெல்கிரேடில் ஐரோப்பிய சாம்பியன். 1962-ல் பெர்த் நகரில் காமன்வெல்த் வெள்ளி. 1964-ல் டோக்கியோவில் மூன்றாவது ஒலிம்பிக். ரோமில் அவரை வீழ்த்திய போலந்தின் பாஸ்டியோர், டோக்கியோவில் வீழ்த்திய இன்னொரு போலந்துக்காரர் குலேய், இருவருமே அந்தந்த ஒலிம்பிக்கின் தங்கத்தோடு ஊர் திரும்பினார்கள். தோற்றாலும் அந்தந்த வருஷத்தின் சாம்பியனிடம்தான் தோற்றிருக்கிறார். நடுநடுவே பிரிட்டனின் அமெச்சூர் சங்கப் பட்டம் ஐந்து முறை. மொத்தம் 634 ஆட்டங்கள், 610 வெற்றி.

ஆடி முடித்த பிறகு பயிற்சியாளரானார். 2025 ஆகஸ்டில், 89 வயதில் காலமானார். டண்டீயில் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் மையத்துக்கு அவர் பெயர்தான்.

இந்த வாழ்க்கையைத் தியாகம் என்று சொல்லிக் கண்ணீர் விடுவது சுலபம். ஆனா கணக்கைப் பாருங்கள். விமானப்படை சம்பளம் கொடுத்தது. சாப்பாடு, தங்குமிடம், பயிற்சிக்கு நேரம், போட்டிக்குப் போக விடுப்பு, எல்லாம் கொடுத்தது. அவர் ரிங்கில் வாங்காத காசை சீருடை கொடுத்தது. இல்லாதவன் எப்படி ஆடினான் என்ற கேள்விக்குப் பதில் இதுதான். ஒரு வேலை வேண்டும். அந்த வேலை தரும் அமைப்பு, நீ ஆடுவதைத் தன் பெருமையாக நினைக்கவேண்டும்.

*

இந்தப் பதில் ஆவடிக்காரர்களுக்குப் புதிதாக இருக்காது.

ஆவடி என்ற பெயரே ராணுவத் தளவாடக் கிடங்கின் ஆங்கில எழுத்துச் சுருக்கம் என்று எங்கள் பக்கம் ஒரு கதை உண்டு. டேங்க் தொழிற்சாலையைக் காட்டி 'அதான் பேரு' என்று அடித்துச் சொல்வார்கள். அந்தக் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது 1961-ல். காங்கிரஸ் மாநாடு ஆவடியில் கூடி சோஷலிச பாணி சமுதாயம் பற்றித் தீர்மானம் போட்டது 1955-ல். அப்போதே ஊர் ஆவடிதான். கதை தப்பாக இருந்தாலும் ஊரின் குணத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலக் கிடங்குகள், 1965-ல் முதல் விஜயந்தா டேங்க் உருண்டு வெளியே வந்த தொழிற்சாலை, விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம். இந்தப் பக்கம் பூந்தமல்லியில் கன்டோன்மென்ட் என்ற பெயர் இன்னும் இருக்கிறது, கம்பெனி காலத்துச் சிப்பாய்களின் மிச்சமாக. நடுவில் அம்பத்தூர். டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப், தொழிற்பேட்டை. மேற்குச் சென்னை என்பதே சீருடையும் ஷிஃப்ட் சங்கும் சேர்ந்து கட்டிய ஊர்தான்.

இந்திய அமெச்சூர் பாக்ஸிங் வளர்ந்ததும் இப்படியான மண்ணில்தான். 1948-ல் லண்டன் ஒலிம்பிக்குக்கு இந்தியா முதன்முதலாகக் குத்துச்சண்டை அணி அனுப்பியது. 1949-ல் தேசிய சம்மேளனம், 1950-ல் பம்பாய் பிராபோர்ன் மைதானத்தில் முதல் தேசியப் போட்டி. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்குப் பட்டங்களில் பெரும்பங்கு ராணுவ அணிக்கும் ரயில்வேக்கும் போலீசுக்கும்தான். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய பதம் பகதூர் மல், 1966-லும் 1970-லும் ஆசியத் தங்கம் வாங்கிய ஹவா சிங், இரண்டு பேருமே ராணுவக்காரர்கள். கிராமத்துப் பையன் படையில் சேர்வான். யாரோ ஒரு சுபேதார் அவன் தோளைப் பார்த்துவிட்டு கிளவுஸ் மாட்டிவிடுவார். பதக்கம் வந்தால் புரமோஷன். வராவிட்டாலும் சம்பளமும் பென்ஷனும் உண்டு.

பரம்பரை ஆட்டத்தில் இது கிடையாது. அங்கே வாத்தியார், டிக்கெட் வசூல், ரசிகர் பட்டாளம், தெருவின் மானம் எல்லாம் உண்டு. பென்ஷன் கிடையாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு சாயங்காலம் பயிற்சி செய்தவன், கை ஓய்ந்த பிறகு மறுபடி மூட்டைக்கே போனான். அவனுக்கு மிஞ்சியது கதைதான். அமெச்சூருக்கு வேலை மிஞ்சியது. கதை மிஞ்சவில்லை.

*

கதை ஏன் மிஞ்சவில்லை என்பதற்கு 1980-ஐ விட நல்ல உதாரணம் இல்லை.

அந்த வருஷத் தொடக்கத்தில் முகமது அலி மெட்ராஸுக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி, முதலமைச்சர் எம்.ஜி.ஆர். முன்னிலையில். அன்று ஸ்டேடியத்தில் இருந்ததாகச் சொல்கிற பெரியவர்களை எல்லாம் எண்ணினால் ஸ்டேடியம் கொள்ளாது. அவ்வளவு பேர் அந்த நாளை இன்னும் சொந்தம் கொண்டாடுகிறார்கள்.

சில மாதம் கழித்து அமல்தாஸும் மனோகரனும் இந்தியாவுக்காக மாஸ்கோ ஒலிம்பிக் ரிங்கில் ஏறினார்கள். அதை யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. மெட்ராஸில் நடந்தது காட்சிப் போட்டி, மாஸ்கோவில் நடந்தது நிஜப் போட்டி. ஞாபகத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தன் ஊரில், தன் கண் முன்னால், தன் கூட்டத்தோடு பார்த்ததைத்தான் அது வைத்துக்கொள்ளும். பரம்பரை ஆட்டக்காரன் தெருவில் அடிபட்டான், தெரு அவனை வைத்துக்கொண்டது. அமெச்சூர் எங்கோ ராணுவ மைதானத்தில், வெளியூரில், வெளிநாட்டில் ஆடினான். ஊருக்கு வந்தது பேப்பரின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் மெக்டாகர்ட் வெண்கலம் வாங்கியபோது, அதே ஒலிம்பிக்கில் லைட் ஹெவிவெயிட் தங்கம் வாங்கிய பதினெட்டு வயது அமெச்சூர் ஒருவர் இருந்தார். காஷியஸ் கிளே. இரண்டே மாதத்தில், அக்டோபர் 29-ல் அவர் முதல் தொழில்முறை ஆட்டம் ஆடிவிட்டார். அப்படிப் போனதால்தான் உலகம் அவரை முகமது அலியாகத் தெரிந்துகொண்டது, மெட்ராஸும் தெரிந்துகொண்டது. மெக்டாகர்ட் அமெச்சூராகவே நின்றார். ஒருத்தர் உலகத்துக்குச் சொந்தமானார், இன்னொருத்தர் டண்டீக்கு.

ஆனால் டண்டீ விடவில்லை. அதுதான் நம்மிடமிருந்து அவர்களுக்கு உள்ள வித்தியாசம். அவர்களிடம் ஹாலிவுட் படம் கிடையாது, பரம்பரைக் கதை கிடையாது. 610 என்ற எண் இருக்கிறது. ஊர் ஹாலில் நடந்த ஆட்டம், விமானப்படை முகாம்களுக்குள் நடந்த ஆட்டம், எல்லாவற்றையும் யாரோ ஒரு நோட்டில் எழுதி, கூட்டி, சரிபார்த்து வைத்திருக்கிறார்கள். காசு வாங்காத ஆட்டத்துக்கு அந்த ஊர் கொடுத்த கூலி அந்தக் கணக்குதான்.

*

இப்போது 'அமெச்சூர்' என்ற சொல்லே போய்விட்டது. சர்வதேசச் சங்கம் 2000-களில் தன் பெயரிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டது. 2013-ல் ஆண்களுக்குத் தலைக்கவசம் போனது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் தொழில்முறை ஆட்டக்காரர்களும் வரலாம் என்று கதவைத் திறந்தார்கள். 2008-ல் பெய்ஜிங்கில் இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் குத்துச்சண்டைப் பதக்கம் வாங்கிய விஜேந்தர் சிங் பிற்பாடு தொழில்முறைக்கே போனார். யாரும் அதைத் துரோகம் என்று சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

ஆனா அந்த ஏற்பாடு போகவில்லை. அதிகாலையில் மைதானத்தில் ஓடுகிற பிள்ளைகளை நிறுத்தி எதற்கு பாக்ஸிங் என்று கேளுங்கள். உலக சாம்பியன் ஆகணும் என்று சொல்வது சின்னப் பசங்க. பதினேழு, பதினெட்டு வயசுக்காரர்கள் சொல்கிற பதில் வேறு. "ஸ்போர்ட்ஸ் கோட்டாண்ணா." ரயில்வே, போலீஸ், ராணுவம். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு. மாநிலப் போட்டிச் சான்றிதழ், தேசியப் போட்டிச் சான்றிதழ், ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு அம்மா பீரோவில் வைத்திருப்பார். மூக்கு உடைந்து வாங்கிய காகிதம்.

இதைக் கேட்டு சிலர் முகம் சுளிப்பார்கள். விளையாட்டை வேலைக்காக ஆடுவதா, அதில் ஆசை எங்கே என்று. கூலிக்காரனை வெளியே நிறுத்திய அந்தப் பழைய கனவானின் குரல்தான் இது, தமிழில் பேசுகிறது. மெக்டாகர்ட் ஆசைக்காகத்தான் ஆடினார், சம்பளமும் வாங்கினார். ஆசை நிலைக்க மாதம் பிறந்தால் ஏதாவது வரவேண்டும். அதைச் சொல்ல எந்தப் பையனும் கூச்சப்பட வேண்டியதில்லை.

கூச்சப்பட வேண்டியது நாம்தான், வேறொரு காரணத்துக்காக. வேலை கொடுத்ததோடு கணக்கு முடிந்தது என்று நினைத்துவிட்டோம். தேவராஜனின் பாங்காக் வெண்கலம் உலகக் கோப்பையில் வாங்கியது. அதற்கு முந்தைய ஆட்டங்கள் எத்தனை, யாரிடம் கற்றார், எந்த ஆட்டத்தில் எந்தக் கையால் அடித்தார் என்று ஒரு தமிழ்ப் புத்தகம் சொல்லவேண்டாமா? வேணுவுக்கும் மனோகரனுக்கும் ஒரு நல்ல நீண்ட நேர்காணல் இருந்திருக்க வேண்டாமா? பரம்பரைக் கதையைத் தேடி எழுத இன்று ஆளிருக்கிறது. அதற்கு ஒரு படம் வேண்டியிருந்தது. இந்தப் பக்கத்தை எழுதப் படம் வருகிற வரை காத்திருந்தால், சொல்லவேண்டியவர்கள் இருக்கமாட்டார்கள். 1972-ல் இருபதுகளில் ஆடியவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது.

ஆவடியிலோ அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ இருப்பவர்கள் ஒன்று செய்யலாம். படையிலிருந்தும் ரயில்வேயிலிருந்தும் ஓய்வு பெற்றவர்கள் நிறைய இருக்கிற பகுதி இது. மூக்குத்தண்டு கொஞ்சம் கோணலாக இருக்கிற பெரியவரைத் தெருவில் பார்த்தால் நின்று கேளுங்கள், சார், பாக்ஸிங் ஆடினீங்களா என்று. ஆமாம் என்றால் உட்காருங்கள். எத்தனை ஆட்டம், எந்த வருஷம், எந்த ஊர், யாரோடு, ஜெயிச்சீங்களா தோத்தீங்களா. போனில் பதிவு செய்தால் போதாது, நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். தோற்ற ஆட்டத்தையும் விடாமல் எழுதுங்கள். டண்டீயின் கணக்கில் 610-க்குப் பக்கத்தில் அந்த 24-ம் இருக்கிறது.